ஏஐ மென்பொருள் வாங்கத் தேவை ஆவணம்: "98% துல்லியம்" என்று எழுதினால் போதுமா?

தேன்மொழி

வணக்கம். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் வேலை செய்கிறேன். வாடிக்கையாளர்கள் அனுப்பும் கடிதம், மின்னஞ்சல், ஸ்கேன் செய்த படிவம் எல்லாவற்றையும் படித்து, எது எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்பும் ஏஐ மென்பொருள் ஒன்றை வாங்கப் போகிறோம். தேவை ஆவணம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

சம்பளக் கணக்கு, சரக்கு இருப்பு போன்ற வழக்கமான மென்பொருள்களுக்கு நிறைய எழுதியிருக்கிறேன். அதே டெம்ப்ளேட்டை எடுத்துத்தான் ஆரம்பித்தேன். "கடிதங்களைச் சரியாக வகைப்படுத்த வேண்டும்", "துல்லியம் 98 சதவீதத்துக்குக் குறையக் கூடாது", "அதிநவீனப் பெருமொழி மாதிரியைப் பயன்படுத்த வேண்டும்" (சாட்ஜிபிடி போன்றவற்றின் அடியில் இருக்கும் ஏஐ வகை), "கையாள எளிதாக இருக்க வேண்டும்". இப்படி நான்கு பக்கம் போகிறது. 98 என்ற எண் ஒரு வெண்டரின் விளம்பரக் கையேட்டிலிருந்து வந்தது.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால், எந்த வெண்டர் வந்தாலும் எல்லா வரிக்கும் "ஆம்" என்று டிக் போட்டுவிட்டுப் போய்விடலாம் போலிருக்கிறது. யாரையும் வடிகட்டாத ஆவணம் இது. இந்த வேலையைச் செய்தவர்கள் யாராவது, எதை மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள்.

கதிரவன்

உங்கள் சந்தேகம் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. நான் தேவை ஆவணங்கள் எழுதுவதையும், வாங்கிய பிறகு அந்த மென்பொருள்களைச் சோதிப்பதையும் தொழிலாக வைத்திருப்பவன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சம்பளக் கணக்கில் ஒரு உள்ளீட்டுக்கு ஒரே விடை. அது தவறினால் பிழை. வெண்டர் திருத்தித் தர வேண்டும், அவ்வளவுதான். ஏஐயை வாங்கும்போது, அது சில இடங்களில் தவறும் என்று தெரிந்தேதான் கையெழுத்துப் போடுகிறோம். ஆகவே எந்தத் தவறை எவ்வளவு பொறுத்துக்கொள்வோம், தவறு நடந்தால் அது யார் மேசைக்குப் போகும், அதை யார் எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்பதெல்லாம் ஆவணத்தில் இருக்க வேண்டும். உங்கள் நான்கு பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

98 சதவீதத்தை எடுத்துக்கொள்வோம். உங்களுக்கு 10,000 கடிதங்கள் வருகின்றன, அவற்றில் 100 வக்கீல் நோட்டீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும் சரியாகப் பிரித்துவிட்டு, வக்கீல் நோட்டீஸில் ஒன்றைக்கூட அடையாளம் காணாமல் முகவரி மாற்றக் கோரிக்கைகளோடு சேர்த்து அனுப்பிவிடும் ஒரு மென்பொருளின் துல்லியம் 99%. உங்கள் நிபந்தனையில் அது தேறிவிடும்! அந்த 100 நோட்டீஸுக்கும் பதில் சொல்லும் கெடு தாண்டிப் போயிருக்கும்.

இனி மறுபக்கம். நோட்டீஸில் 100-க்கு 95 பிடிக்கும் மென்பொருள் ஒன்று. நல்லதுதான். ஆனால் மீதி 9,900 கடிதங்களில் 5 சதவீதத்தைத் தவறாக "நோட்டீஸ்" என்று சொல்கிறது. அதாவது 495. சட்டப் பிரிவின் மேசைக்கு 590 கடிதங்கள் வரும், அவற்றில் 95 மட்டுமே உண்மையான நோட்டீஸ். ஆறு கடிதம் பிரித்தால் ஒன்றுதான் அவர்களுக்கு உரியது. இது சரிப்படுமா என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. சட்டப் பிரிவுக்குத்தான் தெரியும். அவர்களிடம் இந்தக் கணக்கை அப்படியே காட்டிக் கேளுங்கள். "ஒரு நோட்டீஸ் தவறிப் போவதைவிட, ஐந்து வீண் கடிதம் படிக்கத் தயார்" என்றோ, "அவ்வளவு ஆள் இல்லை" என்றோ சொல்வார்கள். அவர்கள் சொல்லும் அந்த வாக்கியம்தான் உங்கள் தேவை. ஒவ்வொரு வகைக்கும் எத்தனை தவறவிடலாம், எத்தனை வீணாக வரலாம் என்று இரண்டு எண்கள் வேண்டும். மொத்தத் துல்லியம் என்ற ஒற்றை எண்ணை ஆவணத்திலிருந்து எடுத்துவிடுவதே மேல்.

அடுத்தது, எதை வைத்து அளப்பது. கையேட்டில் இருக்கும் எண் வெண்டருடைய தரவில் வந்தது. உங்கள் கடிதங்களில் மங்கிய ஸ்கேன் இருக்கும், பக்கவாட்டில் கையால் எழுதிய குறிப்பு இருக்கும், ஒரே கடிதத்தில் புகாரும் முகவரி மாற்றமும் சேர்ந்திருக்கும். இது சின்ன விஷயம் இல்லை. அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் ஓடிக்கொண்டிருந்த, செப்சிஸ் (தொற்றால் உயிருக்கே ஆபத்தாகும் நிலை) வருமா என்று முன்கணிக்கும் ஒரு மென்பொருளை, மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஆய்வாளர்கள் தங்கள் சொந்த நோயாளிகளின் பதிவுகளில் வைத்துச் சோதித்தார்கள். முடிவு 2021-இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வந்தது. தயாரித்தவர்கள் 0.76 முதல் 0.83 வரை என்று சொல்லியிருந்த, நோய் வருபவரையும் வராதவரையும் பிரித்தறியும் திறனின் அளவீடு (1 என்றால் முழுச் சரி, 0.5 என்றால் நாணயம் சுண்டிப் பார்ப்பது போல) அங்கே 0.63 ஆக இருந்தது. செப்சிஸ் வந்த 2,552 பேரில் 1,709 பேரை அந்த மென்பொருள் எச்சரிக்கவே இல்லை. வாங்கும் முன் ஒவ்வொரு மருத்துவமனையும் தன் பதிவுகளில் ஒரு சோதனை கேட்டிருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும்.

எனவே ஆவணத்தில் இப்படி ஒரு வரி வேண்டும்: "எங்கள் கடிதங்களிலிருந்து நாங்கள் தேர்ந்தெடுத்து, நாங்கள் விடை குறித்து வைத்திருக்கும் தொகுப்பின் மேல், எங்கள் மேற்பார்வையில் மென்பொருள் ஓட்டப்படும். கீழ்க்கண்ட அளவுகளை எட்டினால் மட்டுமே ஏற்பு." இந்தத் தொகுப்பைத் தயார் செய்வதுதான் முழு வேலையிலும் கடினமானது. நான் பார்த்த ஆவணங்களில் பெரும்பாலானவை கோட்டை விடுவதும் இங்கேதான்.

தொகுப்பின் அளவு பற்றியும் ஒரு வார்த்தை. 50 கடிதத்தை ஓட்டிவிட்டு "எல்லாம் சரி" என்று காட்டினால் நம்ப வேண்டாம். 300 கடிதங்களில் ஒரு தவறுகூட வரவில்லை என்றாலும், உண்மையான பிழை வீதம் 1 சதவீதம் வரை இருக்கலாம் என்பதுதான் புள்ளியியல் தருகிற 95% உறுதி. வக்கீல் நோட்டீஸ் போன்ற அரிதான வகை என்றால், அந்த வகையிலேயே சில நூறு வேண்டும். பழைய கோப்புகளிலிருந்து தேடி எடுங்கள்.

"அதிநவீனப் பெருமொழி மாதிரி" என்ற வரியை அடித்துவிடுங்கள். உலகப் பொருளாதார மன்றம் 2020-இல் வெளியிட்ட ஏஐ கொள்முதல் வழிகாட்டுதலின் முதல் அறிவுரையே, தீர்வை நாமே வரையறுக்காமல் பிரச்சினையை விவரிக்க வேண்டும் என்பதுதான். வகை பிரிக்க மட்டுமே தெரிந்த சாதாரண மென்பொருள் ஒன்று குறைந்த செலவில் உங்கள் எண்களை எட்டினால், அதை ஏன் வாசலிலேயே தடுக்க வேண்டும்?

முத்துவேல்

நான் வாங்குபவன் இல்லை. இந்த மாதிரி மென்பொருள் பிரித்துத் தருவதைச் சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவன். எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம்.

மென்பொருளுக்கு "எனக்கு உறுதியாகத் தெரியவில்லை" என்று சொல்லும் வழி இருக்க வேண்டும். உறுதி குறைந்த கடிதங்கள் மனிதர்களிடம் வரட்டும். ஆனால் அதை மட்டும் எழுதிவிட்டு நிற்காதீர்கள். எங்களுக்கு வந்ததில் பாதிக்குப் பாதி "சரிபார்க்கவும்" என்று வந்தது. மீதிப் பாதியில் துல்லியம் அருமை என்று மேலே அறிக்கை போனது. கடினமானதை எல்லாம் எங்களிடம் தள்ளிவிட்டால் யாருக்குத்தான் துல்லியம் வராது? ஆகவே இரண்டையும் ஒரே வரியில் கட்டுங்கள்: தானாகப் போகும் கடிதங்களில் பிழை இத்தனை சதவீதத்துக்குள், மனிதரிடம் வருவது மொத்தத்தில் இத்தனை சதவீதத்துக்குள்.

இன்னொன்று திரை. திருத்துபவருக்குக் கடிதமும் மென்பொருளின் முடிவும் பக்கத்தில் பக்கத்தில் தெரிய வேண்டும். எந்த வரியைப் பார்த்து அப்படி முடிவு செய்தது என்று காட்ட வேண்டும். வகையை மாற்ற ஒரே சொடுக்கு போதும் என்றிருக்க வேண்டும். எங்களுடையதில் ஒரு வகையை மாற்ற மூன்று பக்கம் தாண்டிப் போக வேண்டியிருந்தது. மாலை நேரம் ஆனால் மென்பொருள் சொன்னதையே ஏற்றுக்கொண்டு அடுத்ததற்குப் போவதுதான் இயல்பாக நடந்தது. "மனித மேற்பார்வை உண்டு" என்று தாளில் இருந்தது. மேற்பார்வை செய்ய மனிதருக்கு நேரமே இல்லை. "கையாள எளிதாக" என்ற உங்கள் வரிக்குப் பதில், ஒரு திருத்தத்துக்கு எத்தனை நொடி ஆகலாம் என்று எழுதுங்கள். அதைச் சோதனையில் அளந்துவிடலாம்.

சாரதா

ஒப்பந்தப் பக்கம் பார்ப்பவள். தேவை ஆவணத்தில் இல்லாததை ஒப்பந்தத்தில் பிறகு சேர்ப்பது மிகவும் கஷ்டம், விலை பேசி முடித்த பிறகு வெண்டர் அசைய மாட்டார். அதனால் சில விஷயங்களை இப்போதே உள்ளே போட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதங்களில் வாடிக்கையாளர்களின் உடல்நிலை, வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கும். அவற்றை வைத்து வெண்டர் தன் மாதிரியைப் பயிற்றுவிக்கலாமா, கூடாதா? "தரவு பாதுகாப்பாக இருக்கும்" என்ற வாக்கியம் இந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. பயிற்சிக்குப் பயன்படுத்தக் கூடாது, எந்த நாட்டுச் சர்வரில் இருக்கும், எத்தனை நாளில் அழிக்கப்படும், வெண்டருக்குப் பின்னால் இருக்கும், மாதிரியை உருவாக்கிய நிறுவனத்துக்கும் இதே நிபந்தனை பொருந்தும் என்று தனித்தனியாக எழுதுங்கள். இந்தக் கடைசி வரியைத்தான் பலர் மறக்கிறார்கள். இன்று ஏஐ விற்பவர்களில் நிறையப் பேர் இன்னொருவருடைய மாதிரியின் மேல் ஓர் உறை போட்டு விற்கிறார்கள்.

அதே காரணத்தால், மாதிரியின் பதிப்பு மாறும் விஷயமும் வேண்டும். நீங்கள் சோதித்து ஏற்றுக்கொண்ட மாதிரி, பின்னால் இருக்கும் நிறுவனம் அதை நிறுத்திவிட்டுப் புதியதைக் கொண்டுவந்தால் மாறிவிடும். புதியது பொதுவாக மேலானதாக இருக்கலாம். உங்கள் கடிதங்களில் மேலானதா என்பது வேறு கேள்வி. "முன்னறிவிப்பு இல்லாமல் பதிப்பு மாறக் கூடாது, மாறினால் அதே சோதனைத் தொகுப்பில் மீண்டும் ஓட்டித் தேற வேண்டும், அதன் செலவு வெண்டருடையது" என்று எழுதுங்கள்.

பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பம் வேண்டாம். 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத் தீர்ப்பாயம் ஒன்று ஏர் கனடா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அந்த நிறுவனத்தின் சாட்பாட், நெருங்கிய உறவினர் இறந்ததால் பயணம் செய்பவருக்கான சலுகைக் கட்டணத்தைப் பயணத்துக்குப் பிறகும் கோரலாம் என்று ஒரு பயணியிடம் தவறாகச் சொல்லிவிட்டது. சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்ற வாதத்தைத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. தன் இணையதளத்தில் இருப்பதற்கு எல்லாம் நிறுவனமே பொறுப்பு என்றது. வாடிக்கையாளர் முன்னால் நிற்கப் போவது நீங்கள்தான். அதனால் ஒவ்வொரு முடிவுக்கும் பதிவு வேண்டும்: எந்தக் கடிதம், எந்தப் பதிப்பு, என்ன முடிவு, எவ்வளவு உறுதி, யார் திருத்தினார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 ஏஐ சட்டம் அதிக ஆபத்துள்ள அமைப்புகளுக்குத் தானியங்கிப் பதிவு, மனித மேற்பார்வை, துல்லியம் ஆகியவற்றைக் கட்டாயமாக்குகிறது. உங்கள் மென்பொருள் அந்த வகையில் வராவிட்டாலும், அதன் தலைப்புகளைச் சரிபார்ப்புப் பட்டியலாக வைத்துக்கொள்ளலாம்.

வெளியேறும் வழியையும் சொல்லிவிடுங்கள். உங்கள் ஊழியர்கள் செய்த திருத்தங்கள் எல்லாம் மதிப்புள்ள சொத்து. ஒப்பந்தம் முடியும்போது அவை பொதுவான கோப்பு வடிவில் உங்கள் கைக்கு வர வேண்டும்.

தேன்மொழி

மூன்று பேருக்கும் நன்றி. சட்டப் பிரிவிடம் கதிரவன் சொன்ன கணக்கைக் காட்டினேன். ஒரு நோட்டீஸுக்கு ஐந்து வீண் கடிதம் வரை படிக்கத் தயார், ஆனால் நோட்டீஸ் தவறுவது 100-க்கு ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். இதுவரை எனக்கு யாரும் இப்படி ஒரு தெளிவான பதில் தந்ததில்லை.

ஒரு இடத்தில் மட்டும் நிற்கிறேன். சோதனைத் தொகுப்புக்கு விடை குறிக்க, அனுபவமுள்ள இரண்டு பேரிடம் ஒரே கடிதக் கட்டைத் தனித்தனியாகக் கொடுத்தேன். வக்கீல் நோட்டீஸில் ஒத்துப்போகிறார்கள். "புகார்", "இழப்பீட்டுச் சந்தேகம்" இரண்டிலும் அடிக்கடி மாறி மாறிக் குறிக்கிறார்கள். "மூன்று மாதமாகப் பணம் வரவில்லை, என்ன நடக்கிறது?" என்று ஒருவர் எழுதினால் அது எது? இருவரிடமும் நியாயம் இருக்கிறது. இதை எப்படி மென்பொருளிடம் எதிர்பார்ப்பது?

கதிரவன்

எதிர்பார்க்க முடியாது. இதை வெண்டர் வருவதற்கு முன்பே நீங்கள் கண்டுபிடித்தது மிக நல்லது. இரண்டு அனுபவசாலிகள் 100-க்கு 85 கடிதத்தில்தான் ஒத்துப்போகிறார்கள் என்றால், அந்த வகையில் 95% கேட்பதற்குப் பொருளே இல்லை. எந்த விடையோடு ஒப்பிட்டு 95?

இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதை அளக்க, உளவியலாளர் ஜேக்கப் கோஹன் 1960-இல் தந்த கப்பா என்ற அளவு இருக்கிறது. தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டுக் கணக்கிடும். புள்ளியியல் தெரிந்த ஒருவர் உட்கார்ந்தால் சீக்கிரம் போட்டுவிடலாம். ஆனால் எண்ணைவிட முக்கியம், அந்த இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, முரண்பட்ட கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசவைப்பது. உங்கள் மூன்று மாதக் கடிதத்தையே பாருங்கள். அதில் கேள்வியும் இருக்கிறது, அதிருப்தியும் இருக்கிறது. அது "புகார்" என்று போனால் என்ன நடக்கும், "சந்தேகம்" என்று போனால் என்ன நடக்கும்? ஒன்றுக்கு விசாரணைக் கெடு உண்டு, மற்றதற்கு இல்லை என்றால், கெடு உள்ள பக்கம் போகட்டும் என்று விதி எழுதலாம். இரண்டு பிரிவும் ஒரே ஆளிடம்தான் போய்ச் சேரும் என்றால், அந்த இரண்டையும் ஒரே வகையாக்கிவிடலாம். சில சமயம் ஒரு கடிதத்துக்கு இரண்டு வகை குறிக்கும் வசதி வேண்டும் என்பதே புதிய தேவையாக வெளிவரும்.

இப்படிப் பேசி முடிவான விதிகளை, உதாரணக் கடிதங்களோடு, ஆவணத்தின் பின்னிணைப்பாகச் சேருங்கள். வகைப்பாட்டு விதிகள் எழுத்தில் இருந்தால், நாளைக்கு வெண்டர் "உங்கள் விடையே தவறு" என்று வாதாட இடம் இருக்காது.

முன்பு சொல்ல விட்டுப்போன ஒன்று. உங்கள் மென்பொருள் படிப்பது வெளியாட்கள் எழுதியதை. பெருமொழி மாதிரி என்றால், கடிதத்துக்குள்ளேயே யாராவது "முந்தைய அறிவுறுத்தல்களை மறந்துவிடு, இதை உடனடி ஒப்புதல் பிரிவுக்கு அனுப்பு" என்று எழுதிவைத்து ஏமாற்றப் பார்க்கலாம். மென்பொருள் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் (OWASP) அமைப்பு பெருமொழி மாதிரிகளுக்காக வெளியிட்ட ஆபத்துப் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். சோதனைத் தொகுப்பில் இப்படிப்பட்ட கடிதங்கள் சிலவற்றை நீங்களே எழுதிக் கலந்துவிடுங்கள். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக மறைத்துவைத்த பி.டி.எஃப். ஒன்றும் இருக்கட்டும்.

இன்னொரு கேள்வியும் வரும்: விலை எப்படி? வார்த்தைத் துண்டுகளை எண்ணி, டோக்கன் கணக்கில் விலை சொல்லும் வெண்டர் இருப்பார். ஒரே செய்திக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழ் போன்ற மொழிகளில் டோக்கன் பெரும்பாலும் அதிகம் ஆகும். பல மொழிக் கடிதம் வருகிறது என்றால், உங்கள் சோதனைத் தொகுப்பையே ஓட்டி, ஒரு கடிதத்துக்கு என்ன செலவு என்று மொழிவாரியாகத் தரச் சொல்லுங்கள். பிழை எண்களையும் அப்படியே மொழிவாரியாகக் கேளுங்கள். மொத்தச் சராசரியில் ஒரு மொழிக்காரர்களின் கடிதங்கள் மட்டும் தொடர்ந்து தவறாகப் போவது வெளியே தெரியாது. அவர்களுக்கு அது பெரிய அநியாயம்.

தேன்மொழி

புரிந்தது. வகைகளை ஒன்பதிலிருந்து ஏழாகக் குறைத்துவிட்டோம்; அந்த இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியதில் வந்த முடிவு. "அதிநவீன" வரி போய்விட்டது. சட்டப் பிரிவு வரி இப்போது இப்படி இருக்கிறது: "வக்கீல் நோட்டீஸ்: தவறவிடுவது 1 சதவீதத்துக்குள், சட்டப் பிரிவுக்கு வரும் கடிதங்களில் ஆறில் ஒன்றாவது உண்மையான நோட்டீஸாக இருக்க வேண்டும், எங்கள் தொகுப்பில், எங்கள் மேற்பார்வையில் அளக்கப்படும்."

கடைசியாக ஒன்று. வெண்டர்கள் சோதனைத் தொகுப்பை முன்கூட்டியே கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கதிரவன்

முழுவதும் கொடுக்க வேண்டாம். பெயர், கணக்கு எண் எல்லாம் நீக்கிய ஒரு சிறு பகுதியை, கடிதங்கள் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, எல்லா வெண்டருக்கும் ஒரே நாளில் ஒரே அளவில் கொடுங்கள். மீதியை உங்கள் கையிலேயே வைத்து, சோதனை நாளில் உங்கள் இடத்தில் ஓட்டவையுங்கள். ஒரு முறை வெண்டர் கைக்குப் போன தொகுப்பு அதற்குப் பிறகு சோதனைக்கு உதவாது. பதிப்பு மாறும்போது மறுபடி ஓட்ட வேண்டும் என்று சாரதா சொன்னாரே, அதற்காகவும் புதிய கடிதங்களில் கொஞ்சத்தை இப்போதிருந்தே விடை குறித்துத் தனியாக எடுத்து வைத்துவாருங்கள்.